பதினான்கு மில்லிமீட்டர்

4 மார்ச் 2025, செவ்வாய்

கிளினிக்கில் இன்று நாற்பத்திரண்டு பேர். எல்லார் பெயரையும் நான்தான் கூப்பிட்டேன். வாசலுக்கு வெளியே, மோட்டார்சைக்கிள் நிறுத்தும் இடத்தையும் தாண்டி, தேயிலைச் செடி தொடங்குகிற இடம்வரை என் குரல் போகும். பதினோரு வருடமாக இந்தக் கேமரன் மலைத் தோட்டத்தில் அதுதான் என் வேலை. பெருமையும் அதுதான். இருந்தது.

சனிக்கிழமை நடந்ததை எழுதக் கூடாது என்று மூன்று நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

கோலாலம்பூரில் ஒரு சங்கம், கண் தெரியாத பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுக்கிறது. நான்காம் ஆண்டுப் புத்தகத்துக்கு ஆள் தேடி எங்கள் பக்கம் வந்தார்கள். ஐந்து பேர் வீட்டிலேயே பதிந்து அனுப்பினோம். தோட்டத்து மண்டபத்தில் எல்லார் முன்னாலும் போட்டுக் கேட்டார்கள். ஸ்பீக்கர் மேசையில் தினேஸ்வரன். கம்போங் ராஜாவில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். இந்தப் பெயரை இந்த நோட்டில் ஒரு தடவைதான் எழுதுவேன். இனிமேல் 'அவன்'.

என் பதிவு வந்தது. முதல் பத்தி நன்றாகத்தான் போனது. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நான் மூச்சு விட்ட இடத்தில் நிறுத்தினான். திரும்பப் போட்டான். சத்தத்தைக் கூட்டினான். ஙீ என்று ஒரு ரீங்காரம் மண்டபம் முழுக்க.

"பேசுறது யுவனாவா, கொசுவா?" என்று மைக்கில் கேட்டான்.

அறுபது பேர் சிரித்தார்கள். சங்கத்து அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டார். புத்தகம் வாசிக்கிற வேலை அவன் மனைவி சீதாவுக்குப் போனது.

நான் பதிந்த கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்ததே அவன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், எல்லாம் புத்தம் புது சாமான் என்று சொல்லி. அது போடுகிற சத்தம் அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தான்.

விட மாட்டேன்.

5 மார்ச்

முனியாண்டி மருந்து வாங்கிக்கொண்டு போகும்போது காதோரம் கையை வீசிக் கொசு விரட்டிக் காட்டினார். இந்தக் குளிருக்குக் கொசு ஏறி வராது என்பார்கள். எனக்கு மட்டும் வந்துவிட்டது.

9 மார்ச், ஞாயிறு

பக்கத்து வீடுகள் எல்லாம் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் கேசிங்கைத் திறந்தேன். பெரிய ரொட்டி டின் அளவுதான் அந்தப் பெட்டி. உள்ளே விரல் நுழைய இடம் இல்லை. வயர்களைக் கருவாட்டைத் திணிப்பதுபோலத் திணித்து வைத்திருக்கிறான்.

அகிலனைப் போனில் கூப்பிட்டேன். என் தம்பி. பன்னிரண்டு வயதில் பார்வை போனது. இப்போது கோலாலம்பூரில் ஓர் ஆபீசில் டெலிபோன் எடுக்கிற வேலை. தம்பி படிப்பு முடியும்வரை பாடம் வாசித்துக் காட்டியது நான்தான். அதனால்தான் இந்தப் புத்தக வேலை மேல் எனக்கு அவ்வளவு ஆசை என்று வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு, "அக்கா, உள்ள ஒரு ஆளு பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றான்.

பென்சில் முனையால் ஒவ்வொரு ஃபேனாகத் தொட்டு நிறுத்தினேன். பெரியது நின்றபோது எதுவும் மாறவில்லை. அடியில், கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே ஒளிந்திருந்த ஒரு குட்டி ஃபேன் — மேரி பிஸ்கட்டைவிடச் சிறியது — அதைத் தொட்டேன். அமைதி.

"அவந்தான்" என்றான் அகிலன்.

மதர்போர்டில் சிப்செட் என்று ஒரு சில்லு இருக்கிறது. டிஸ்க், யூஎஸ்பி, மைக் எல்லாம் அதன் வழியாகத்தான் பேசுகின்றனவாம். அது சூடாகும். அதைக் குளிர வைக்க அந்தக் குட்டி ஃபேன். வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். இருபதே நிமிடத்தில் தொண்ணூற்றெட்டு டிகிரி. தானாக அணைந்துவிட்டது.

ஆக, எடுக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. பள்ளிக்கூட ரூலரை உள்ளே விட்டு அளந்தேன். சிப்செட்டுக்கும் மேலே படுத்திருக்கிற கார்டுக்கும் நடுவில் பதினான்கு மில்லிமீட்டர். அந்தப் பதினான்குக்குள் நான் அவனை ஜெயிக்க வேண்டும்.

12 மார்ச்

ஐந்தாம் ஆண்டுப் புத்தகத்துக்கு மே மாதம் மறுபடி வருகிறார்களாம். அதே மண்டபம். ஸ்பீக்கர் மேசையிலும் அவனேதான்.

நல்லது. அவன் இருக்க வேண்டும்.

13 மார்ச்

கண்டதையும் படித்தேன். ஃபேனே இல்லாத, வெறும் உலோகப் பல்லாலான, சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்க் இருக்கிறது. சத்தம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் உயரம் முப்பத்தேழு மில்லிமீட்டர். என்னிடம் இருப்பது பதினான்கு. தட்டையான செம்புத் தகடு நுழையும், சூடு தாங்காது என்கிறார்கள். கடைசியில் அதே அளவில் வேறொரு குட்டி ஃபேன் ஆர்டர் செய்தேன். 'மிக மிக அமைதி' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. பார்ப்போம்.

என் வீட்டுக்காரர் யோகேந்திரன் காய்கறி லோரியோடு சிலாயாங் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு மத்தியானம்தான் வந்தார். பேசப் பேசக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "அடிச்சா ஒரே அடியா அடி. இல்லன்னா விட்ரு. தெனமும் சோத்துல போட்டுப் பெசையாத" என்றார்.

கோபம் வந்தது. சரியாகச் சொன்னதால் வந்த கோபம்.

21 மார்ச்

ஃபேன் வந்தது. மாட்டினேன். அகிலன் கேட்டுவிட்டு, "இப்ப வேற ஆளு பல்லக் கடிக்கிறான். இவன் கொஞ்சம் படிச்சவன்போல, மெதுவாக் கடிக்கிறான்" என்றான்.

கழற்றி எறிந்தேன். பிறகு பொறுக்கி வைத்தேன்.

30 மார்ச், ஞாயிறு

சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கினோம். நாளை நோன்புப் பெருநாள், வழியெல்லாம் கார். கம்ப்யூட்டர் சாமான் கடை ஒன்று, மாடியில். கடைக்காரர் ராதாகிருஷ்ணன், அறுபது வயது இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. போனில் படங்களைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

ஃபேன் இல்லாத ஹீட்சிங்க்தான் வேண்டும் என்றேன். ஈப்போ சூட்டுக்கு அது தாங்காது, ஒரே வாரத்தில் திரும்பி வருவீர்கள் என்றார். கேமரனில் இருந்து வருகிறோம், காலையில் எங்கள் வீட்டுக்குள் பதினேழு டிகிரி என்றேன். கண்ணாடியை மேலே தள்ளினார். அப்படியென்றால் வேறு கதை, தாங்கும், ஆனால் கார்டு இடிக்குமே என்றார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"என்ன கேம் வெளையாடுவீங்கமா?"

"கேமா? நான் வெளையாடுறதில்ல அங்கிள். வாசிச்சுப் பதிவு பண்ணுவேன், அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்கு இந்த கார்டு? கேம் வெளையாடுறவங்களுக்குத்தான இது?"

அவரே சொன்னார். என் ப்ராசஸரிலேயே படம் காட்டும் வசதி இருக்கிறதாம். மானிட்டர் வயரை மதர்போர்டின் பின்பக்கத்தில் செருகினால் போதுமாம். "யாரு பூட்டிக் குடுத்தது?" என்று கேட்டார். யோகேந்திரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ விலை கேட்பதுபோலப் பேச்சை மாற்றினார்.

மூன்று வாரமாக நான் பதினான்கு மில்லிமீட்டரோடு போராடிக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததே தேவையில்லாத ஒரு சாமான். அதையும் அவன்தான் என் தலையில் கட்டினான். பாவி. நல்லாருப்பானா?

ராதாகிருஷ்ணன் உயரமானதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு நிறம், சீப்பை நிமிர்த்தி வைத்ததுபோல. பழைய ஓட்டைகளின் தூரம் இதற்குப் பொருந்தும் என்று, ரூலரோடு நான் எடுத்த படத்தை வைத்து இரண்டு தடவை அளந்து காட்டினார். போர்டையே வெளியே எடுத்துப் பின்பக்கம் ஸ்குரூ கழற்ற வேண்டும், அவசரப்படாதீர்கள் என்றார். வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

மூன்று மணி நேரம். ஒரு ஸ்குரூ உள்ளே விழுந்து, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆட்ட வேண்டியதாயிற்று.

பழைய ஹீட்சிங்கைக் கழற்றியபோது அடியில் சூடு கடத்துகிற பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகக் கிடந்தது. இதுவரை நான் திறக்காத அதன் மூடியின் உள்பக்கம், பல்லுக்குப் பல்லு நடுவில் — ஜிகினா. தங்கநிறத் தூள். கொஞ்சம் குங்குமம்.

எங்கள் வீட்டில் ஜிகினா எங்கிருந்து வரும்? வெளித்தூசு படாத இடத்தில், மூடிக்குள்? கல்யாணச் சாமான் கிடக்கிற இடத்தில் வருடக்கணக்காக ஓடிய போர்டு இது. புத்தம் புது சாமானாம்!

படம் எடுத்தேன். பழைய ஃபேனையும் மூடியையும் கண்ணாடிபோல இருக்கிற பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். போலீஸ்காரர்கள் செய்வதுபோல. முடிச்சை மூன்று தடவை போட்டேன். சந்தோஷத்தில்தான்.

கார்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டினேன். மானிட்டர் உயிர் பெற்றது. ஒரு மணி நேரம் ஓட்டினேன். அறுபத்திரண்டு டிகிரி, அதற்கு மேல் ஏறவில்லை. அகிலனைக் கூப்பிட்டேன்.

"ஒங்க வீட்டு பைப்பு சொட்டுது. அத மூடுங்க" என்றான். பல்லைக் கடிக்கிற ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை.

மூடிவிட்டு வந்து அழுதேன்.

7 ஏப்ரல்

ஃபேஸ்புக்கில் போட ஒன்று எழுதினேன். படத்தோடு. கேமரன் தமிழர் எல்லாரும் இருக்கிற குழுவில். போடவில்லை. மண்டபத்தில்தான் சிரித்தார்கள். மண்டபத்தில்தான் சொல்ல வேண்டும்.

20 ஏப்ரல்

விடியற்காலை ஆறு மணிக்குப் பதிகிறேன். மழையும் இல்லை, லோரியும் இல்லை. என் மூச்சு எனக்கே கேட்கிறது. இவ்வளவு நல்ல குரலா என்று நானே வியந்துகொண்டேன், யாரும் பார்க்கவில்லை.

மண்டபத்தில் என்ன சொல்வது என்று பல் விளக்கும்போது, தோட்டத்துப் பேர்ப்பதிவுக்கு நிற்கும்போது, நோயாளி பெயர் தேடும்போது — எப்போதும் அதே நினைப்பு. எழுபது தடவை மாற்றியிருப்பேன். எல்லாத் தடவையும் கடைசியில் அவன் தலை குனிகிறான்.

17 மே, சனி

எல்லாவற்றையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

கூட்டம் போன தடவையைவிட அதிகம். சீதா முதல் வரிசை ஓரத்தில், நீலப் புடவை. நான்காம் ஆண்டுப் புத்தகம் வாசித்து முடித்தவள் என்று அவளுக்கு ஒரு சால்வை போட்டார்கள்.

என் பதிவை மூன்றாவதாகப் போட்டான். மூச்சு விடும் இடம் வந்தபோது அவன் விரல் அங்கே போனதைப் பார்த்தேன். நிறுத்தினான். சத்தத்தைக் கூட்டினான். ஒன்றும் இல்லை. இன்னும் கூட்டினான். ஒன்றும் இல்லை. யாரோ பின்னால் தொண்டையைச் செருமியதுதான் கேட்டது. சங்கத்து அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எப்படிப் பதிந்தீர்கள் என்று கேட்டார்.

மைக்கிடம் போனேன். மார்ச் மாதம் என் பதிவில் கேட்ட கொசு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன் என்றேன். பையைத் தூக்கிக் காட்டினேன். இந்தப் பெட்டியைப் புதுசென்று சொல்லிப் பூட்டிக் கொடுத்தவர் இங்கேயே இருக்கிறார் என்று சொல்லும்போது மைக் செத்துவிட்டது. அணைத்துவிட்டான்.

எனக்கு எதற்கு மைக்? கிளினிக் வாசலில் கூப்பிடுகிற குரலில் சொன்னேன். பழைய போர்டு. தேவையில்லாத கார்டு. ஜிகினா. அவன் பெயரைச் சொன்னேன். கடைசி வரிசைவரை போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் ஸ்பீக்கர் மேசைப் பக்கம் திரும்பியது.

இதற்காகத்தான் இரண்டரை மாதம். அவன் தலை குனிய வேண்டும்.

குனியவில்லை. முதல் வரிசையைக் கை காட்டினான். "சாமான் எடுத்துக் கட்டுனது இவதான். ஸ்டோர்ல பழசையும் புதுசையும் கலந்து வச்சிருப்பா. எனக்கு என்ன தெரியும்? வீட்டுக்குப் போயி கேட்டுக்கிறேன்."

எல்லாத் தலையும் சீதா பக்கம் திரும்பியது. அவள் சால்வையை மடியில் மடித்துக்கொண்டிருந்தாள். நான்காக மடித்தாள். பிறகு எட்டாக.

ஐந்தாம் ஆண்டுப் புத்தகம் எனக்கு. கைதட்டினார்கள். முனியாண்டிகூட வந்து கை கொடுத்தார்.

18 மே

ஜெயித்துவிட்டேன். கண்ணை மூடினால் அவன் முகம் வரவில்லை. அந்தச் சால்வைதான் வருகிறது.

21 மே

யோகேந்திரன் கேட்டார், இன்னும் என்ன, ஒரே அடியாகத்தானே அடித்தாய் என்று. அடி வேறு ஆள் மேல் விழுந்துவிட்டது என்றேன்.

"வீட்டுக்குப் போயி கேட்டுக்கிறேன்" என்றானே. என்ன கேட்டிருப்பான்? எப்படிக் கேட்டிருப்பான்?

25 மே, ஞாயிறு

மத்தியானம் மழை. கதவைத் தட்டுகிறார்கள். சீதா. முக்கியச் சாலையிலிருந்து மலைமேல் நடந்தே வந்திருக்கிறாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டேன். துண்டு கொடுத்தேன். அவள் உட்காரவில்லை.

"அந்த போர்டப் பாக்கலாமாக்கா?"

கேசிங்கைத் திறந்து காட்டினேன். கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. அதை விரலால் தடவினாள்.

"இது என்னோடது. கல்யாண வீடியோ எல்லாம் இதுலதான் எடிட் பண்ணுவேன். பொண்ணு அலங்காரச் சாமானும் அதே மேசையிலதான் கெடக்கும். அந்த ஜிகினா என் கையில இருந்து போனதுதான். ஒரு நாள் காலையில பாத்தா என் கம்ப்யூட்டரக் காணோம், மேசையில ஒரு பழைய லேப்டாப் இருக்கு. புதுசு வாங்கித் தாறேன்னாரு. ரெண்டு வருஷமாச்சு."

நான்காம் ஆண்டுப் புத்தகத்தையும் அவள் கேட்டு வாங்கவில்லையாம். அவன்தான் அவள் பெயரைக் கொடுத்தானாம். வாசிப்பு, எடிட்டிங், கடை வேலை எல்லாம் அவள். கடைப் பலகையில் அவன் பெயர்.

அப்படியென்றால் மண்டபத்திலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

"வீட்டுக்கு அவரோடதானக்கா போகணும்" என்றாள்.

தேநீர் போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். மழை விட்டதும் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாவது வரியில், "இங்க ஒரு உதட்டுச் சத்தம் இருக்கு. எடுத்துரலாம்" என்றாள். எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

26 மே

யோசித்தேன். நன்றாக யோசித்தேன்.

அவன் கடையில் கல்யாண வீடியோ முடிப்பது சீதா. வாரக் கடைசியில்தான் அவளுக்கு வேலை அதிகம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை அவனிடமிருந்து எடுத்துவிட்டால்?

இதை இரக்கம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

29 மே

சங்கத்து அம்மாவிடம் பேசினேன். ஐந்தாம் ஆண்டுப் புத்தகத்தில் வாசிப்பு நானும் சீதாவும் பாதிப் பாதி, எடிட்டிங் சீதா. பதிவு என் வீட்டில். சரி என்றார். கடிதத்தில் சீதா பெயரை அவள் பெயராகவே எழுதச் சொன்னேன், இன்னாருடைய மனைவி என்று வேண்டாம் என்றேன். வேலைக்கான பணமும் அவள் பெயருக்கே போகட்டும் என்றேன்.

தேவையில்லாத அந்தக் கார்டை ராதாகிருஷ்ணன் எடுத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக ஒரு நல்ல மைக் வந்தது. சீதாவுக்கு.

8 ஜூன், ஞாயிறு

சீதாவை அவன் மோட்டாரில் கொண்டுவந்து விட்டான். சங்கத்தின் கடிதம் அவள் பெயருக்கு வந்தபின் தடுக்கவும் முடியவில்லை, ஊரில் ஏற்கெனவே பெயர் கெட்டுக் கிடக்கிறது. உள்ளே வரப் பார்த்தான். நான் வாசலிலேயே மறித்து நின்று, பதிவு நடக்கிற வீடு, செருப்புச் சத்தம்கூட விழும் என்றேன். வெளியே நின்றான். தூறல். நான் குடை கொடுக்கவில்லை.

சீதா நான்கு பாடம் வாசித்தாள். அவள் குரல் என்னுடையதைவிட மென்மை. கேட்கப் பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

23 ஜூன்

கோலா தெர்லாவில் ஒரு கல்யாணம். இரண்டு மாதமாகியும் வீடியோ கைக்கு வரவில்லை என்று பெண் வீட்டார் அவன் கடையில் போய்ச் சத்தம் போட்டார்களாம். கிளினிக்கில் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டேன். இன்றைக்குக் குரல் கொஞ்சம் கூடவே எழுந்தது.

6 ஜூலை, ஞாயிறு

சீதா இப்போது தானே பஸ்ஸில் வருகிறாள். போகும்போதும் பஸ்தான்.

இன்று பதினொன்றாம் பாடம். தொடங்குவதற்கு முன் பசியாறினோம். இடியப்பமும் தேங்காய்ப் பாலும். மைக் இன்னும் பையை விட்டே வெளியே வரவில்லை. அவள் போன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்தாள். இரண்டு தடவை அடிக்க விட்டாள். மூன்றாவது தடவை எடுத்தாள். கடையில் யாரோ வந்து நிற்கிறார்களாம், உடனே வரவேண்டுமாம்; எனக்கே கேட்கிற அளவுக்குக் கத்தினான்.

சீதா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

"ரெக்கார்டிங் நடக்குது. சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பிறகு போனை அணைத்துத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். இன்னும் கொஞ்சம் பால் இருக்கிறதா என்று கேட்டாள்.